நோயாளி பேசும் ஆங்கிலத்தை மனப்பாடப் பட்டியலாக்காதீர்கள்: நர்சிங் கல்லூரிக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வரும் பருவம் முதல் முதலாண்டு நர்சிங் மாணவிகளின் ஆங்கில உரையாடல் பயிற்சி நேரம் நிறுத்தப்படும் என்றும், அதற்குப் பதிலாக 500 ஃப்ரேசல் வெர்ப்களை (வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் கூட்டுகளை) ஆங்கில அகர வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ப் பொருள் அச்சிட்ட கையேடு வழங்கப்படும் என்றும், வாரந்தோறும் அதிலிருந்து எழுத்துத் தேர்வு நடக்கும் என்றும் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் என் மறுப்பைச் சொன்னேன். கையேடு அச்சுக்குப் போய்விட்டது என்பதே எனக்குக் கிடைத்த விடை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இதே போன்ற கையேடுகளை வேறு கல்லூரிகளிலும் வெளிநாட்டு வேலைக்கான பயிற்சி மையங்களிலும் பார்த்திருக்கிறேன் என்பதால், அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே கொள்ள வேண்டும்.

இங்கே ஆங்கிலம் கற்பிக்க வருவதற்கு முன் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பொது மருத்துவமனையின் முதியோர் வார்டில் நர்ஸாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். நம் கல்லூரியிலிருந்து போகும் பெண்கள் அங்கே எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் டாக்டரின் ஆங்கிலத்தில் தடுமாறுவதில்லை. டாக்டர் பேசும் கலைச்சொற்கள் நம் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். தடுமாற்றமெல்லாம் கட்டிலில் படுத்திருக்கும் எண்பது வயதுக்காரர் வாய் திறக்கும்போதுதான் வருகிறது. டாக்டர் 'வாமிட்டிங்' என்பதை அவர் 'த்ரோயிங் அப்' என்பார். நாம் மயக்கம் என்று எழுதுவதை அவர் 'பாஸ்டு அவுட்' என்பார். திடீரென்று தலை சுற்றினால் 'கேம் ஓவர் டிஸ்ஸி' என்பார். சாப்பாடு பிடிக்காமல் போனால் 'கான் ஆஃப் மை ஃபுட்' என்பார். உடம்பில் தடிப்பு வந்தால் 'கம் அவுட் இன் எ ராஷ்' என்பார். நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் செய்திகளில் பெரும்பகுதி இந்தச் சிறு சிறு வினைகளில்தான் வந்து சேருகிறது.

ஆகவே ஃப்ரேசல் வெர்ப்களுக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்ற தங்கள் நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. இந்த இடர்ப்பாடு புதியதும் அல்ல. 1755இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், ஒரு வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு அதன் பொருளையே மாற்றிவிடும் இந்த அமைப்புதான் அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய தொல்லை தருவது என்று எழுதி, 'கம் ஆஃப்', 'டேக் ஆஃப்', 'செட் இன்' என எடுத்துக்காட்டுகளையும் அடுக்கினார். அவர் 'கம் ஆஃப்' என்பதற்குத் தந்த பொருள் தந்திரமாகத் தப்பித்தல். 'டேக் ஆஃப்' என்பதற்குத் தந்தது நகலெடுத்தல். இன்று வார்டில் இதே இரண்டு வினைகளும் வேறு வேலை செய்கின்றன. வினைக்கு ஒரு பொருள் என்று அச்சிட்டுவிட்டால் பாடம் முடிந்துவிடாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

கையேட்டின் மெய்ப்புப் பக்கங்களை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். அவற்றை நோயாளியின் கட்டிலருகே வைத்துப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

'பிரிங் அப்' என்பதற்கு எதிரே வளர்த்தல் என்று போட்டிருக்கிறது. பிள்ளையை வளர்ப்பது என்ற அளவில் அது சரிதான். ஆனால் நெஞ்சுச் சளியோடு வந்திருக்கும் நோயாளியிடம் நர்ஸ் தினமும் கேட்க வேண்டிய கேள்வி, 'ஆர் யூ பிரிங்கிங் எனிதிங் அப்?' என்பதாகும். இருமும்போது சளி ஏதேனும் வெளியே வருகிறதா, அதன் நிறம் என்ன என்று அறியவே அந்தக் கேள்வி. வளர்த்தல் என்று மட்டும் படித்தவளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவும் தெரியாது, நோயாளி தானாகச் சொன்னாலும் விளங்காது.

'ட்ராப் ஆஃப்' என்பதற்கு இறக்கிவிடுதல் என்று இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் டிராப் செய்வது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் வேலை பார்த்த வார்டில் ஒரு முதியவர் காலையில், நாற்காலியில் உட்கார்ந்தவாறே 'ஐ ட்ராப்டு ஆஃப்' என்றார். கண்ணயர்ந்துவிட்டேன் என்பது அவர் சொன்னது. புதிதாக வந்திருந்த நம்மூர்ப் பெண் அவர் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, முதியவர் விழுந்தால் செய்ய வேண்டிய பரிசோதனைகளையெல்லாம் பதற்றத்தோடு தொடங்கிவிட்டாள். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. கேட்ட சொல்லுக்கு அவளிடம் இருந்த ஒரே பொருளை வைத்து அவள் சரியாகவே நடந்துகொண்டாள். அந்த ஒரே பொருளை மட்டும் கொடுத்து அனுப்பியவர்கள் கற்பித்தவர்களாகிய நாம்தான்.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது மருந்து பற்றிய பேச்சு. 'புட் ஆன்' என்பதற்கு உடுத்துதல், 'டேக் ஆஃப்' என்பதற்குக் கழற்றுதல் மற்றும் விமானம் புறப்படுதல், 'கம் ஆஃப்' என்பதற்குக் கழன்று விழுதல் என்று கையேடு சொல்கிறது. நோயாளியிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும்போது இந்த மூன்று வினைகளும் தொடர்ந்து வரும். டாக்டர் ஒரு மருந்தைத் தொடங்கினார் என்பதை 'தே புட் மி ஆன் வார்ஃபரின்' என்பார்கள். நிறுத்தினார் என்பதை 'தே டுக் மி ஆஃப் இட்' என்பார்கள். தானாகவே நிறுத்திக்கொண்டதை 'ஐ கேம் ஆஃப் இட்' என்பார்கள். கையிருப்பு தீர்ந்துபோனதை 'ரேன் அவுட்' என்பார்கள். கால் வீங்கி மூச்சுத் திணறலோடு வரும் இதய நோயாளி ஒருவர், தாம் நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிட்டதாக இந்தச் சொல்லில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் விளங்காத நர்ஸ், வீட்டுப் பட்டியலில் உள்ளபடி மாத்திரை தொடர்கிறது என்று குறித்துவிடுவாள். மாத்திரை சாப்பிட்டும் வீக்கம் வடியவில்லை என்று கருதி டாக்டர் முடிவெடுப்பார். மாத்திரையே உள்ளே போகவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். மூன்றெழுத்துச் சிறு சொல் ஒன்றின் மேல் இவ்வளவு தங்கியிருக்கிறது.

வலியைப் பற்றிய பேச்சும் அப்படியே. 'இட்ஸ் வேரிங் ஆஃப்' என்று ஒருவர் சொன்னால், ஊசியின் வேகம் குறைந்து வலி திரும்ப ஆரம்பிக்கிறது என்று பொருள். அடுத்த வேளை மருந்துக்கு நேரமாயிற்றா என்று அப்போதே பார்க்க வேண்டும். 'ஐ கேன் புட் அப் வித் இட்' என்றால் பொறுத்துக்கொள்வேன் என்று பொருள். முதியவர்கள் பலர் தொந்தரவு தரக்கூடாது என்று இப்படிச் சொல்வார்கள். வலி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்கிற நர்ஸ் பத்துக்கு எத்தனை வலி என்று மேற்கொண்டு கேட்பாள். புரியாதவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

'பாஸ் அவுட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதற்குப் படிப்பை முடித்து வெளியேறுதல் என்று பொருள். எந்த வருடம் பாஸ் அவுட் என்று கேட்டுத்தான் வேலைக்கே எடுக்கிறார்கள். அங்கே நோயாளி அதைச் சொன்னால் நினைவிழந்தேன் என்கிறார். 'பாஸ் அவே' என்றால் இறந்துவிடுதல். 'பாஸ் ஆன்' என்றால் செய்தியை இன்னொருவரிடம் சேர்த்தல் என்றும் உண்டு, இறந்துவிடுதல் என்றும் உண்டு. கையேட்டில் இவை மூன்றும் அடுத்தடுத்த வரிகளில், அகர வரிசையில், ஒரே மாதிரியான எழுத்தில் நிற்கின்றன. இவ்வளவு ஒத்த வடிவங்களை ஒரே நாளில் அடுத்தடுத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அவை ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது பாடம் நடத்திய எவருக்கும் தெரியும். தவறு நேர்ந்தால் அது மயங்கியவரை இறந்தவராக்கும் தவறு.

பட்டியலை இன்னும் நீட்டி, ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பொருளையும் சேர்த்துவிடலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். அதுவும் உதவாது. 2007இல் கார்ட்னர், டேவிஸ் என்ற இருவர் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்களஞ்சியத்தை (மக்கள் உண்மையில் பேசியும் எழுதியும் வந்த ஆங்கிலத்தின் தொகுப்பை) ஆராய்ந்து, மிகுதியாக வழங்கும் 100 ஃப்ரேசல் வெர்ப்களுக்கு மட்டுமே 559 பொருள்கள் இருப்பதாகக் காட்டினார்கள். 500 வினைக்கும் இப்படிப் போட்டால் கையேடு அகராதியாகிவிடும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: 20 வினைகள் 8 சிறுசொற்களோடு சேர்ந்து உருவாக்கும் கூட்டுகளே அந்தக் களஞ்சியத்தில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல் வருகின்றன. 2015இல் கார்னியர், ஷ்மிட் ஆகியோர் கற்பிப்பதற்கென்றே 150 வினைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் உண்மையில் அடிக்கடி வழங்கும் பொருள்களை மட்டும் நிறுத்தி, 288 பொருள்களில் முடித்துக்கொண்டார்கள். குறைவாக எடுத்து, எடுத்ததை எல்லாப் பக்கமும் அறிய வேண்டும் என்பதே இந்த ஆய்வுகளிலிருந்து ஆசிரியருக்குக் கிடைப்பது. தங்கள் கையேடு நேர் எதிரான வழியில் போகிறது.

பொருள் மட்டுமே சிக்கல் என்றாலும் பரவாயில்லை. சொற்களின் வரிசையும் இருக்கிறது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வை என்பதை 'டர்ன் ஹிம் ஓவர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'டர்ன் ஓவர் ஹிம்' என்பது பிழை. பெயரைச் சொல்லும்போது 'டர்ன் ஓவர் தி பேஷன்ட்' என்றும் சொல்லலாம், நடுவில் பெயரை வைத்தும் சொல்லலாம். 'ஹிம்', 'ஹெர்', 'இட்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் மட்டும் அது நடுவில் போயே தீர வேண்டும். ஆனால் 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றில் எதுவுமே நடுவில் நுழையாது. எது பிரியும், எது பிரியாது என்ற இந்த வேறுபாட்டுக்குத் தங்கள் கையேட்டில் ஒரு குறியீடுகூட இல்லை. பொருத்துக என்ற வினாவில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் திணறுவது இதனால்தான்.

ஒலியும் இருக்கிறது. அங்கே பேசுவோர் இத்தகைய வினைகளில் பெரும்பாலும் வினையை விரைவாக விழுங்கிவிட்டு, பின்னால் வரும் 'அப்', 'ஆஃப்', 'அவுட்' மேல் அழுத்தம் கொடுப்பார்கள். நம் பிள்ளைகள் எழுத்தில் கற்றதால் முதல் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். அது காதில் விழுவதற்குள் வாக்கியம் முடிந்துவிடுகிறது. பல் செட்டைக் கழற்றி வைத்திருக்கும் முதியவர் முனகும்போது நிலைமை இன்னும் கடினம். இதைக் காகிதத்தில் கற்பிக்க எவராலும் முடியாது. காதுதான் பழக வேண்டும்.

தமிழைக் கொண்டே இதைச் சொல்கிறேன். நம் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி என்ன சொல்கிறார்? மூச்சு வாங்குது என்கிறார். வயித்தால போகுது என்கிறார். கால் மரத்துப்போச்சு, நெஞ்சைப் பிடிக்குது, மயக்கம் போட்டு விழுந்துட்டேன் என்கிறார். மூச்சை யாரும் கடையில் வாங்குவதில்லை; மயக்கத்தை எவரும் எங்கும் போடுவதில்லை. வாங்கு, போ, போடு, பிடி என்ற நம் அன்றாட வினைகள் வேறு சொற்களோடு சேரும்போது தனித்தனியே இருந்த பொருளை விட்டு வேறொன்றாகிவிடுகின்றன. வேறு மாநிலத்திலிருந்து வந்து நம் மருத்துவமனையில் டியூட்டி பார்க்கும் ஒரு நர்ஸ் இவற்றை எப்படிக் கற்றுக்கொள்கிறாள்? வாங்கு என்ற வினையின் பொருள்களை அட்டவணை போட்டுப் படித்தா? மார்பு ஏறி இறங்கப் பேச முடியாமல் நிற்கும் பெண்மணி அதைச் சொல்லக் கேட்டுக் கற்றுக்கொள்கிறாள். அந்த முகத்தோடும் அந்த இளைப்போடும் சேர்ந்து பதிந்த சொல் பிறகு மறப்பதில்லை.

நம் மாணவிகளிடம் இந்த அமைப்பு பற்றிய அறிவு ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்டுபிடி, கைவிடு, தள்ளிப்போடு, பார்த்துக்கொள், பொறுத்துக்கொள் என்று நாள் முழுவதும் பேசுகிறவர்கள் அவர்கள். 'ஃபைண்ட் அவுட்', 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்', 'புட் அப் வித்' ஆகியவற்றுக்கு இணையாக நிற்பவை இவை. சாப்பிடு என்பதற்கும் சாப்பிட்டுவிடு என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணரும் பிள்ளைக்கு, 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் உணர்த்திவிடலாம். அந்த 'அப்' மிச்சமில்லாமல் முடித்தலைக் குறிக்கிறது என்று தெரிந்துவிட்டால் 'யூஸ் அப்', 'ட்ரை அப்', 'ஃபினிஷ் அப்' எல்லாம் தாமே பின்னால் வரும். எல்லா 'அப்'புக்கும் இது பொருந்தாது. 'த்ரோ அப்' இதில் அடங்காது. இருந்தாலும் பொருந்துகிற இடத்தில் பயன்படுத்தாமல் விடுவது வீண். வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்ற விதி இந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

கற்பிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆய்வு உண்டு. 1985இல் டகுட், லாஃபர் என்ற இருவர் ஹீப்ரு பேசும் மாணவர்களிடம் ஆராய்ந்து, தம் தாய்மொழியில் இத்தகைய அமைப்பு இல்லாத அவர்கள் ஃப்ரேசல் வெர்ப் வர வேண்டிய இடங்களில் ஒற்றைச் சொல் வினைகளைக் கொண்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். நம் பெண்களிடமும் இதையே பார்த்தேன். தாங்கள் பேசும்போது ஒற்றைச் சொல்லால் சமாளித்துவிடுகிறார்கள். அதில் ஆபத்து இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் பேசுவதைத் தவிர்க்க வழி இல்லை. அப்போது அவர்கள் யெஸ், யெஸ் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த டியூட்டிக்கு ஹேண்டிங் ஓவர் கொடுக்கும்போது நோயாளி சொன்ன செய்தி அதில் இருப்பதில்லை. எங்கள் வார்டில் இருந்த ஒரு நோயாளியின் மகள், உங்கள் நர்ஸ் மிக அன்பானவர், ஆனால் என் அம்மா சொல்வதைக் கேட்பதே இல்லை என்று என்னிடம் வருத்தப்பட்டார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்டது விளங்கவில்லை. கையும் மனமும் நன்றாக இருக்கிற ஒரு நர்ஸுக்கு இப்படி ஒரு பெயர் வந்து சேருவதை என்னால் தாங்க முடியவில்லை.

தாங்கள் நிறுத்துவதாகச் சொல்லும் அந்த உரையாடல் நேரத்தில் என்ன நடந்தது என்பது குழுவில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஒரு மாணவி நோயாளியாகக் கட்டிலில் படுத்துக்கொள்வாள். அவளிடம் ஒரு சீட்டு தரப்பட்டிருக்கும். அதில் அவளுடைய வயது, வந்த காரணம், அவள் பேச வேண்டிய நான்கைந்து ஃப்ரேசல் வெர்ப்கள். இன்னொருத்தி நர்ஸாக வந்து கேள்வி கேட்பாள். மூன்றாமவள் பக்கத்தில் நின்று, நோயாளி சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதும் மருத்துவ ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டே வருவாள். 'த்ரூ அப் ட்வைஸ்' என்று காதில் விழுவது 'வாமிட்டட் ட்வைஸ்' என்று தாளில் இறங்க வேண்டும். பிறகு தாளை வைத்து, சொன்னதற்கும் எழுதியதற்கும் இடையே எது விழுந்துபோயிற்று என்று வகுப்பே சேர்ந்து பார்க்கும். வாரத்துக்குப் பத்துச் சொல்லைத் தாண்டமாட்டோம். முதல் வாரம் வாய் திறக்கக் கூசிய கிராமத்துப் பெண்கள் பருவ முடிவில் 'கம் ஆஃப்' என்று காதில் விழுந்ததுமே எந்த மாத்திரை, எப்போது முதல், யார் சொல்லி என்று அடுத்தடுத்துக் கேள்வி கேட்டதை என் கண்ணால் கண்டேன். கேட்பதும், விளங்காததைத் திரும்பக் கேட்பதும், வேறு சொல்லில் எழுதுவதும் ஆகிய மூன்று வேலைகளும் ஒரே மணி நேரத்தில் நடந்தன. வாராந்தர எழுத்துத் தேர்வு இவற்றில் ஒன்றையும் செய்யாது.

செலவும் நேரமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த நேரத்துக்குத் தேவைப்பட்டது செய்முறைக் கூடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டிலும் சில துண்டுச் சீட்டுகளும்தான். 500 வரிக் கையேட்டை அச்சிடுவதற்கு ஆகும் செலவைவிட அது குறைவு. தேர்வில் கேட்பதைத்தானே கற்பிக்க முடியும் என்ற வாதம் இன்னும் பொருந்தாதது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய 2017 முதல் ஏற்கப்படும் ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி முழுவதும் நோயாளியோடோ உறவினரோடோ பேசுவது போன்ற இரண்டு உரையாடல்களாகவே அமைந்திருக்கிறது. கேட்டல் பகுதியில் நோயாளி பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எடுக்க வேண்டும். நாம் நிறுத்தப் போகும் நேரம் அந்தத் தேர்வுக்கான நேரடிப் பயிற்சியாக இருக்கிறது. நாம் தொடங்கப் போகும் தேர்வு அங்கே இல்லாத ஒன்று. மேலும், வெளிநாடு போகாத மாணவிக்கு இது எதற்கு என்று கேட்போருக்குச் சொல்கிறேன்: 'ஃபாலோ அப்', 'செக்கப்', 'ஹேண்ட் ஓவர்' இல்லாமல் நம் ஊர் வார்டிலும் ஒரு நாள் ஓடாது.

இனி என் கோரிக்கைகள்.

உரையாடல் நேரத்தை நிறுத்தாமல் வரும் பருவத்திலும் தொடருங்கள். நான்காண்டுப் படிப்பில் ஆங்கிலத்துக்கு முதல் பருவத்தில் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. அதற்குள்ளும் பேசும் நேரத்தை வெட்டினால் பிறகு ஈடுகட்ட இடமே இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், செய்முறைக் கூடத்தில், ஒரு தடவைக்கு இருபது பேருக்கு மேற்படாமல் நடத்த அனுமதி வேண்டும்.

கையேட்டை மாணவிகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவையுங்கள். அச்சாகிவிட்டது என்பது பிழையான பாடத்தைக் கொடுப்பதற்குக் காரணம் ஆகாது. அதற்குப் பதிலாக 150க்கு மிகாத வினைகளை, நோயாளி பேசும் சூழல்களின்படி பிரித்துத் தொகுத்துத் தர நானும் என் உடன் ஆசிரியர்கள் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம்: மருந்து தொடங்குதலும் நிறுத்துதலும், வலி, வயிறும் வாந்தியும், மயக்கமும் தெளிதலும், தூக்கம், உட்கார வைத்தலும் புரட்டிப் படுக்க வைத்தலும் என்பது போல. ஒவ்வொன்றுக்கும் வார்டில் வழங்கும் எல்லாப் பொருளும், ஒவ்வொரு பொருளுக்கும் நோயாளி பேசுவது போன்ற ஒரு வாக்கியமும், வினை பிரியுமா பிரியாதா என்ற குறியும், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டிய சொல்லும், தமிழில் நம் நோயாளி அதை எப்படிச் சொல்வார் என்பதும் இருக்கும். இதற்கு நாங்கள் தனி ஊதியம் கேட்கவில்லை.

வினாத்தாளில் பொருத்துக என்ற பகுதியை எடுத்துவிட்டு, ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பெழுதும் பகுதியைச் சேருங்கள். அதற்கான ஒலிப்பதிவுகளை வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவிகளைக் கொண்டு தயாரிக்கலாம். அவர்களில் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். வடக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று வெவ்வேறு பேச்சு வழக்குகள் அதில் இடம்பெற வேண்டும். செய்தி வாசிப்பது போன்ற ஆங்கிலம் மட்டும் இருந்தால் பயன் குறைவு.

வகுப்பில் விளக்கத்துக்குத் தமிழைப் பயன்படுத்த ஆசிரியருக்கு எழுத்து மூலம் அனுமதி தாருங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள் என்பது சேர்க்கைப் பதிவேட்டிலேயே உள்ள செய்தி.

கடைசியாக, அடுத்த கல்விக் குழுக் கூட்டத்துக்கு ஆங்கில ஆசிரியர்களையும், வெளிநாட்டு வார்டில் வேலை பார்த்துத் திரும்பிய நர்ஸ் ஒருவரையும், மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவரையும் அழையுங்கள். அந்த மாணவிகள் உரையாடல் நேரத்தில் படித்தவர்கள். அது அவர்களுக்கு வார்டு டியூட்டியில் எங்கே பயன்பட்டது, எங்கே போதவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். அந்தக் கூட்டம் முடியும் வரை வாராந்தர எழுத்துத் தேர்வைத் தொடங்க வேண்டாம் என்றும், இந்த மடலுக்கான விடையை எழுத்து மூலம் அறிவிப்புப் பலகையில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு சிஸ்டர், இந்நாள் ஆங்கில ஆசிரியை